பொறுக்கிய தூள் எங்கே போகிறது? கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியிலிருந்து கீழிறங்கும் ஒரு கிளைச்சாலையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கும் அந்தத் தொழிற்சாலைக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றியுள்ள ஹட்டிகளின் (மலைச் சிற்றூர்களின்) சிறு விவசாயிகள் பறித்துப் போடும் பசுந்தேயிலையை வாங்கி, தூளாக்கி, ஒரு பகுதியைக் குன்னூர் ஏலத்துக்கும் மறு பகுதியைச் சமவெளியின் டீக்கடைகளுக்கும் அனுப்புவதே அதன் தொழில். நீலகிரியில் இப்படி இலை வாங்கி ஓடும் தொழிற்சாலைகள் நிறைய உண்டு என்பதாலும், நான் எழுதப்போவதில் சில குறைகள் வருவதாலும், அதன் பெயரை இங்கே தரவில்லை.

வேலையில் பொருளுணர்வு பற்றிப் பயிற்சி தருகிற என்னை உரிமையாளர் அழைத்தது ஒரே ஒரு பிரிவைப் பற்றிய மனக்குறையோடு. தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் பிரிவிலிருந்து வரும் தூளில் ஆறு மாதமாக நாரும் குச்சியும் மிஞ்சுகின்றன, ஏலத் தரகரின் சுவைக் குறிப்பில் அது இரண்டு முறை எழுத்தில் வந்துவிட்டது, விடுப்பு கூடிவிட்டது, அனுபவமுள்ள மூன்று பெண்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். "எல்லாரும் கூலிக்கு மாரடிக்கிறாங்க சார்" என்றார் அவர். காசுக்காக இழவு வீட்டில் அழுகிறவரைக் குறித்து எழுந்த அந்தப் பழந்தொடரைத் தம் தொழிலாளர்கள் மேல் வைத்தபோது அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அந்தப் பெண்களில் பலரை அவருக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும்.

நான் வருவதற்கு முன்பே அவர் சில மருந்துகளைக் கொடுத்துப் பார்த்திருந்தார். மாதம் முழுவதும் விடுப்பு எடுக்காதவர்களுக்கு ஊக்கத்தொகை அறிவித்தார். அதைத் தவறாமல் வாங்கியவர்கள் ஏற்கெனவே விடுப்பு எடுக்காதவர்கள்தாம். நுழைவாயிலில் 'இம்மாதத்தின் சிறந்த தொழிலாளி' என்று ஒரு சட்டம் மாட்டினார். அதில் முதல் மாதம் வைத்த படமே நான்காம் மாதமும் இருந்தது. ஒரு கேமராவும் பொருத்தினார். என் பங்குக்கு நானும் ஒரு பழைய தவற்றைச் செய்தேன். ஆலோசனைப் பெட்டி ஒன்றை வைக்கச் சொல்லி, ஒரு மாதம் கழித்து வந்து திறந்தேன். உள்ளே ஒரு பேருந்துச் சீட்டும், கழிவறைக்கு விளக்கு வேண்டும் என்று எழுதிய ஒரு துண்டுத்தாளும் இருந்தன. இரண்டாவது மிக நல்ல ஆலோசனை. மலையில் மாலை ஐந்தரை மணிக்கே மூடுபனி இறங்கிவிடும்; அந்தக் கழிவறை கட்டடத்துக்கு வெளியே, சரிவின் ஓரத்தில் இருந்தது. அன்றே பல்பு போடப்பட்டது. பிறகுதான் ஆய்வு என்று சொல்லத்தக்க வேலையைத் தொடங்கினேன்.

அந்தப் பிரிவின் வேலையைச் சற்று விளக்க வேண்டும். நான்கு முதல் நாலரை கிலோ பசுந்தேயிலையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தூள் கிடைக்கும். இலையை வாட்டி, சி.டி.சி. உருளைகளில் (நசுக்கி, கிழித்து, சுருட்டும் உருளைகள்) அரைத்து, புளிக்கவிட்டு, டிரையரில் மூன்று விழுக்காடு அளவுக்கு ஈரம் இருக்கும்படி உலர்த்தினால் வருவது தூளும் நாரும் கலந்த ஒரு பழுப்புக் கலவை. நிலைமின்னேற்றிய உருளைகள் நாரின் பெரும்பகுதியைத் தம்மோடு ஒட்டி இழுத்துவிடும். காந்தங்கள் இரும்புத் துகளைப் பிடிக்கும். அரைக்கும் உருளைகளின் பற்கள் தேய்வதால் அத்துகள் வந்துகொண்டேதான் இருக்கும். அது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு உண்டு. அதன்பின் அதிரும் சல்லடைகள் தூளைப் பருமன்வாரியாகப் பிரிக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் எஞ்சும் குச்சியையும் சிவந்த நாரையும் கையால் பொறுக்குவது அந்த 11 பெண்களின் பொறுப்பு. பிரிவின் வாசலில் 'சலிப்புப் பிரிவு' என்று தமிழில் ஒரு பலகை இருந்தது. சல்லடையில் சலிப்பதற்கும் மனம் சலிப்பதற்கும் நம் மொழியில் ஒரே சொல் என்பதை எழுதியவர் கவனித்திருக்க மாட்டார். உள்ளே இருந்த பெண்கள் கவனித்திருந்தார்கள். அதைச் சொல்லிச் சிரிப்பது அங்கே அன்றாடம்.

முதல் இரண்டு நாள்

வேலையின் பொருளைப் பற்றித் தொழிலாளியிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது என்பது என் அனுபவம். 'உங்கள் வேலைக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால், கோயில் திண்ணையில் சொற்பொழிவு கேட்க உட்கார்ந்தவர்போல் எதிரில் இருப்பவர் நிமிர்ந்துகொள்வார். நமக்குப் பிடிக்கும் என்று தாம் நினைப்பதைச் சொல்வார். ஆகவே நான் கேட்டது வேறு: நேற்று வேலையில் எந்த நேரம் சட்டென்று போயிற்று, எந்த நேரம் நகரவே இல்லை? விடைகள் ஆளுக்கு ஆள் மாறின. அந்த மாற்றமே எனக்கு முதல் பாடமாக இருந்தது.

ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி, அங்கே எல்லாருக்கும் அக்கா. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்பாட்டின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பம் அவருடையது; தாயும் பாட்டியும் கொழுந்து பறித்தவர்கள். மாலை ஐந்து மணிக்கு முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு நிமிடமும் தாமதிக்காமல் புறப்பட்டுவிடுவார். உரிமையாளரின் கணக்கில் அவர் ஈடுபாடு இல்லாதவர்களின் தலைவி. ஆனால் அவர் முறத்திலிருந்து வந்த தூளை நான் ஒரு வெள்ளைத்தாளில் பரப்பிப் பார்த்தேன். குச்சி ஒன்றுகூட இல்லை. மகளின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்டுகிற வேலை இது என்றார். "கடமைக்குத்தான் செய்றேன் சார்" என்றும் சொன்னார். கடமை என்ற சொல் ஏட்டில் எவ்வளவு உயர்ந்தது, 'கடமைக்குச் செய்வது' என்ற பேச்சுவழக்கு எவ்வளவு இளப்பமானது! அவர் அதை வழக்கின் பொருளில் சொன்னார்; செய்தது என்னவோ ஏட்டின் பொருளில்.

ஏமி ரெஸ்னெஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் தம் வேலையைப் பார்க்கும் மூன்று நோக்குகளைப் பிரித்துக் காட்டியது: பிழைப்பாகப் பார்ப்பது, முன்னேறும் ஏணியாகப் பார்ப்பது, தன்னை அழைத்த பணியாகப் பார்ப்பது. ஒரே அலுவலை ஒரே மாதிரி செய்த நிர்வாக உதவியாளர்களுக்குள்ளேயே இந்த மூன்றும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தன என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி; எந்த நோக்கு என்பதை அலுவலின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆனால் பிழைப்பாகப் பார்ப்பவரை நம் பயிற்சி வகுப்புகள் குறைவாக மதிப்பிடுவது சரியல்ல என்பது என் கருத்து. அக்காவின் வேலைக்குரிய பொருள் தொழிற்சாலைக்கு வெளியே, ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து உடற்கூறியல் படித்துக்கொண்டிருந்தது. அது வெளியே இருந்ததால் அதன் வலு குறைந்துவிடவில்லை.

டிரையரைப் பார்த்துக்கொள்பவர் வேறு வகை. டிரையரின் வாயில் விழும் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, அதன்மேல் வாயால் ஊதி, உடனே முகர்வார். மூச்சின் ஈரம் பட்டதும் மணம் எழும். அதில் கருகல் தெரிந்தால் அவர் முகம் சுருங்கும். வெப்பமானி காட்டுவதற்கு முன்பே தமக்குத் தெரிந்துவிடும் என்றார்; நான் இருந்த இரண்டு நாளிலும் அது ஒரு முறை நடந்தது. அவர் நிரப்ப வேண்டிய பதிவேட்டில் வெப்பநிலைக்கும் நேரத்துக்கும் மட்டுமே கட்டங்கள் இருந்தன. அவர் மூக்குக்கு அந்த ஏட்டில் இடமே இல்லை. உருளைப் பிரிவில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஓர் இளைஞர், தமிழ் அரைகுறை, பற்களைத் தீட்டும் இயந்திரத்தின் அருகே மட்டும் அவருக்கு நேரம் போவது தெரியாது.

ஆக, அந்தத் தொழிற்சாலையில் வேலையோடு மனம் ஒட்டாதவர்கள் என்று யாரும் இல்லை. ஒட்டிய இடம் ஆளுக்கு ஆள் வேறு. அப்படியானால் சார்ட்டிங் பிரிவின் சரிவுக்கு ஆட்களின் குணத்தைக் காரணம் காட்ட முடியாது. அங்கே ஏதோ நடந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் நடந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், பிற்பகல் மூன்று மணி

அது என் கண்ணில் பட்டது தற்செயலாகத்தான். காலையிலிருந்து பொறுக்கிச் சுத்தம் செய்த தூள் நிறைந்த பாத்திரங்களை இரண்டு ஆண்கள் தூக்கிச் சென்றனர். கூடத்தின் மூலையில், ஓடு பதித்த தளத்தில், பொறுக்காத தூள் இடுப்பளவு குவிந்திருந்தது. அதன்மேல் பாத்திரங்களைக் கவிழ்த்து, மரப்பலகையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டினார்கள். ஐந்தே நிமிடத்தில் எது பொறுக்கியது, எது பொறுக்காதது என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று. பதினோரு பெண்களும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குப் பழகியிருந்தார்கள் என்பது அவர்கள் கழுத்துகளின் திருப்பத்திலேயே தெரிந்தது.

"எப்போதிலிருந்து இப்படி?" என்று அருகிலிருந்தவரிடம் கேட்டேன்.

"மழைக்காலத்துலேர்ந்து" என்றார்.

விவரம் எளிது. தூளைக் கலந்து ஒரே தரமாக்குவது தேயிலைத் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம். டீக்கடைகளுக்குப் போகும் மலிவுப் பாக்கெட்டுக்காக அங்கே எப்போதும் இருவகைத் தூளையும் கலந்தே வந்திருக்கிறார்கள். முன்பு அது சுவருக்கு அப்பால், பாக்கிங் அறையில் நடந்தது. தென்மேற்குப் பருவமழையில் அந்த அறையின் கூரை ஒழுகியதால் குவியலைச் சார்ட்டிங் கூடத்துக்கு மாற்றினார்கள். வணிகக் காரணம் நியாயமானது, இட மாற்றத்தின் காரணம் அதைவிட நியாயமானது. ஒன்றே ஒன்றுதான் விட்டுப்போயிற்று: பொறுக்குகிறவர்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. ஏலத்துக்குப் போகும் தூள் தனியாகப் பிரிக்கப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம், எட்டு மணி நேரம் கண் எரியப் பொறுக்கியது ஐந்து நிமிடத்தில் பழைய குப்பையோடு சேர்வதைத்தான்.

இதற்கு ஏறக்குறைய நேர் நிகரான ஒரு சோதனை உண்டு. டான் ஏரியலி, எமிர் காமெனிட்சா, ட்ரேஸன் ப்ரெலெக் ஆகிய மூவரும் 2008இல் வெளியிட்டது அது. மாணவர்களிடம் சிறு பொம்மைகளைக் கோக்கக் கொடுத்தார்கள். முதல் பொம்மைக்கு 2 டாலர், அடுத்தடுத்ததற்கு 11 சென்ட் குறைவு. வேண்டாம் என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்ளலாம். ஒரு குழுவினர் கோத்த பொம்மைகள் மேசையில் வரிசையாக நின்றன. இன்னொரு குழுவினர் அடுத்த பொம்மையைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே, முந்தையது அவர்கள் கண்ணெதிரே கழற்றப்பட்டது. கூலி இருவருக்கும் ஒன்றே. முதல் குழு சராசரியாக 10.6 பொம்மைகள் வரை சென்றது. இரண்டாம் குழு 7.2இல் நிறுத்திக்கொண்டது. பொம்மை கோப்பதில் பெரிய இலட்சியம் எதுவும் இல்லை என்பதுதான் இச்சோதனையின் வலு. மனிதனுக்குத் தன் வேலை உலகை உய்விக்க வேண்டும் என்பதில்லை. அது கண்ணெதிரே அழியாமல் இருந்தாலே பாதி போதும். அந்த மாணவர்களுக்கு அது ஒரு மணி நேர விளையாட்டு, எழுந்து போய்விடலாம். கோத்தகிரிப் பெண்கள் ஆறு மாதம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எழுந்து போக வாய்த்த வழிகள் விடுப்பு எடுப்பதும், கையைத் தளர்த்திக்கொள்வதும், இறுதியில் நின்றுவிடுவதும்தாம். உரிமையாளர் கண்ட மூன்று அறிகுறிகளும் இவையே.

ஒரே வேலையை நாள்தோறும் திரும்பச் செய்வதுதான் மனத்தைக் கொல்கிறது என்ற எளிய விளக்கத்தை நான் ஏற்பதில்லை. பழனி மலைத்தொடரில் இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது. 1899இல் அமைக்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் வானம் திறந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். ஒரு நாளின் படத்தைத் தனியே எடுத்தால் அது பெரும்பாலும் ஒரு வட்டமும் சில புள்ளிகளும்; நேற்றைய வேலைக்கும் இன்றைய வேலைக்கும் வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் அங்கே ஒவ்வொரு படமும் தேதியோடு சேமிக்கப்படுகிறது; நூறாண்டைத் தாண்டிய அந்தத் தொடர் எண்ணிம வடிவம் பெற்று இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகிறது. திரும்பத் திரும்பச் செய்தது அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. கோத்தகிரியில் அது கலைக்கப்பட்டது.

செய்தவை

வில்லியம் கான் 1990இல், ஒரு கோடைக்கால முகாமின் பயிற்றுநர்களையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் ஊழியர்களையும் ஆராய்ந்து, ஒருவர் தம்மை முழுதாக வேலையில் வைப்பதற்கு மூன்று நிலைகள் வேண்டும் என்றார்: செய்வதில் பொருள் இருக்க வேண்டும், மனத்தில் அச்சம் இல்லாதிருக்க வேண்டும், அதற்குரிய தெம்பு உடலிலும் உள்ளத்திலும் எஞ்சியிருக்க வேண்டும். கழிவறை விளக்கு மூன்றாவதைச் சேர்ந்தது. கேமராவை நாங்கள் கழற்றியது இரண்டாவதற்காக. 'சிறந்த தொழிலாளி' சட்டத்தை யாரும் கழற்றச் சொல்லவில்லை, ஒரு நாள் அது தானாகக் காணாமற்போயிற்று. எஞ்சிய உழைப்பு முழுவதும் முதலாவதற்கே சென்றது.

குவியலை இடம் மாற்றுவது எளிதாக இருந்தது. கூரையைச் செப்பனிட இரண்டு வாரம் ஆயிற்று. அதைவிட முக்கியமானது, எந்தத் தூள் எங்கே போகிறது என்பதை அந்தப் பெண்களுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து சொன்னது. அதை நான் சொல்லவில்லை, உரிமையாளரும் சொல்லவில்லை, டிரையர்காரர் சொன்னார். அவர் சொன்னபோதுதான் அவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளில் ஒன்று உரிமையாளரையே உலுக்கியது: "கலக்கப்போற தூளை எங்களை எதுக்குப் பொறுக்கச் சொல்றீங்க?" விடை இல்லை. காசு கொடுத்துச் சுத்தம் செய்து, அதை மறுபடி அழுக்கோடு சேர்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவர் கணக்குப்பிள்ளை அதுவரை கவனித்திருக்கவில்லை. அன்று முதல் ஏலத்துக்கான தூள் மட்டுமே கையால் பொறுக்கப்படுகிறது. பாக்கெட்டுக்கான தூள் இயந்திரத்தோடு நின்றுவிடுகிறது.

குன்னூரில் ஏலம் வியாழன், வெள்ளிக் கிழமைகளில். சனிக்கிழமை காலையில் சென்ற வார லாட்டுகளின் (ஏலத்துக்கு அனுப்பிய தூள் தொகுதிகளின்) விலையையும் தரகரின் குறிப்பையும் கூடத்தில் வாசிப்பது என்று வைத்தோம். விலை இறங்கிய வாரமும் வாசிக்க வேண்டும் என்பது என் நிபந்தனை; உரிமையாளர் அதற்குத் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். இலை சரியாக வராத வாரத்தில் விலை இறங்கினால், அது தம் கையின் குறையல்ல என்பது அவர்களுக்கே தெரியும். முற்றிய கரட்டு இலையை எத்தனை பொறுக்கினாலும் தூளின் தரம் உயராது.

அடுத்தது சுவைத்தல். இதில் என் எண்ணம் ஆடம் கிராண்டும் உடனிருந்தோரும் 2007இல் வெளியிட்ட ஆய்வைத் தழுவியது. பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்கள், அந்தப் பணத்தால் படித்த ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள்; ஒரு மாதம் கழித்து அவர்கள் பேசிய நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. நம் பெண்களுக்கும் தம் தூளைக் குடிக்கிறவர் யார் என்று தெரியட்டும் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை, வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் பொறுக்கிய தூளையும் கலந்த தூளையும் அருகருகே ஊறவைத்தோம். சுவைஞர்கள் செய்வதுபோல் பாலும் சர்க்கரையும் இல்லாமல் கொடுத்தபோது எல்லாரும் முகம் சுளித்தார்கள். பிறகு பால் சேர்த்து, எது எது என்று சொல்லாமல் கொடுத்தோம். பதினோரு பேரில் நான்கு பேருக்குக் கலந்த தூளே பிடித்திருந்தது! நிறம் தூக்கலாக இருக்கிறதாம். தம் உழைப்பின் சுவையை உணர்ந்து கண் கலங்குவார்கள் என்று நான் எழுதி வைத்திருந்த நாடகம் அங்கே கலைந்தது. ஆனால் அந்த நால்வருக்கும் மற்ற எழுவருக்கும் இடையே அரை மணி நேரம் நடந்த வாதத்தில், எந்தச் சல்லடைத் தூள் எப்படி நிறம் இறங்கும், எந்த மாதத்து இலையில் மணம் நிற்கும், பனிக்காலத்துத் தூள் ஏன் வேறாக இருக்கிறது என்பதெல்லாம் வெளியே வந்தது. இருபது ஆண்டுகளாக அவர்கள் விரல்களில் இருந்த அறிவு அது. யாரும் கேட்டதில்லை.

மறு மாதம், மேட்டுப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் ஒரு டீ மாஸ்டர் பாக்கெட் வண்டியிலேயே ஏறி மலைக்கு வந்தார். அவரை அழைத்தது உரிமையாளர்; நன்றாகப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார். அவர் வந்ததும் தூளைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "குச்சி வந்தா பையி அடைச்சுக்குதுக்கா, ரெண்டாவது டிக்காஷன் எறங்க மாட்டேங்குது" என்றார். வடிகட்டும் துணிப்பையை விரலால் காற்றில் பிழிந்து காட்டினார். காலை நான்கரை மணிக்கு மண்டிக்கு வரும் சுமைக்காரர்கள்தாம் தம் முதல் வாடிக்கை என்றும், அந்த முதல் டீ சரியில்லை என்றால் நாள் முழுக்க அவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்றும் சொன்னார். அவர் வாங்குவது பொறுக்காத கலவைப் பாக்கெட். ஆகவே குறை முழுவதும் நிர்வாகத்தின் கணக்கில் போயிற்று. பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். உரிமையாளர் சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த வாரமே பாக்கெட் தூளை நார் உருளைகளில் இரண்டாம் முறை ஓட்டச் சொன்னார்.

விளைவுகளுக்கு இங்கே எண் தருவதை நான் தவிர்க்கிறேன். அதே பருவத்தில் இலை வரத்தும் ஏல விலையும் மாறின; எதனால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்வது நேர்மையாகாது. கண்ணால் கண்டதைச் சொல்லலாம். தரகரின் குறிப்பில் குச்சியைப் பற்றிய வரி மீண்டும் வரவில்லை. நின்றுபோன மூவரில் ஒருவர் திரும்பி வந்தார். விடுப்பு எடுப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டு எடுக்கத் தொடங்கினார்கள். எண்ணிக்கையைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

தீபாவளிக்கு முன்

எழுதுவதற்கு இனிமையில்லாத பகுதி இது. அக்டோபரில் இலை வரத்து கூடியபோது, பண்டிகைக்கு முன் ஒரு பெரிய லாட்டை அனுப்பிவிட வேண்டிய நெருக்கடி வந்தது. உரிமையாளர் கூடத்துக்கு வந்து, "இது நம்ம தூள், நம்ம பேரு" என்று நெகிழ்வாகப் பேசி, ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கும்படி கேட்டார். கூடுதல் ஊதியத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் நாள் எல்லாரும் இருந்தார்கள், இரண்டாம் நாளும் இருந்தார்கள். மூன்றாம் நாள் அக்கா வழக்கம்போல் ஐந்து மணிக்கு முறத்தைக் கவிழ்த்தார். நான்காம் நாள் ஐந்து பேர் வேலைக்கே வரவில்லை.

உரிமையாளரிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. "எல்லாம் செஞ்சும் பழைய கதைதான் சார்" என்றார். நான் நேரில் போய் அக்காவிடம் கேட்டபோது அவர் குரல் உயரவில்லை. "தூளு நல்லாருக்குன்னு சொன்னீங்க, சந்தோஷம். அதுக்காக அஞ்சு மணிக்கு மேல செய்யறதுக்குக் காசு வேண்டாமா?"

ஸ்டூவர்ட் பண்டர்சனும் ஜெஃப்ரி தாம்சனும் விலங்குக்காட்சிச் சாலைப் பணியாளர்களை ஆராய்ந்து 2009இல் எழுதியது இதையேதான். தம் பணியை ஓர் அழைப்பாகக் கருதுகிறவர்கள் அதில் ஆழ்ந்த நிறைவு காண்கிறார்கள். கூடவே, குறைந்த கூலியையும் கூடுதல் நேரத்தையும் தாங்கிக்கொண்டு, நிர்வாகத்தின் சுரண்டலுக்கு எளிதில் இடம் கொடுத்தும் விடுகிறார்கள். அதே பணியாளர்கள் நிர்வாகத்தைச் சந்தேகக் கண்ணோடும் பார்த்தார்கள் என்பது அந்த ஆய்வின் இன்னொரு பாதி. பொருளுணர்வை ஊட்டும் பயிற்சி தருகிற என் போன்றவர்கள் இதை முதல் நாளே உரிமையாளர்களிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. சனிக்கிழமை வாசிப்பும் சுவைத்தலும் எதற்கு என்று அவரிடம் விளக்கியபோது, இவை ஊதியத்தின் இடத்தில் வைக்கக்கூடியவை அல்ல என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தால் அந்த நான்கு நாள் நடந்திராது. வரையறுத்த நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த விதி. நெகிழ்வான பேச்சு அதைத் தள்ளுபடி செய்துவிடாது.

உரிமையாளர் நல்ல மனிதர் என்பதால் இதைச் சீர் செய்ய ஒரு நாள் போதுமானதாக இருந்தது. இரண்டு நாளின் கூடுதல் நேரத்தையும் கணக்கிட்டு உறையில் வைத்துக் கொடுத்தார். அதை அவர் கூடத்தில் எல்லார் முன்னும் கொடுக்க நினைத்தபோது நான் தடுத்தேன். சம்பள நாளன்று சம்பளத்தோடு கொடுக்கும்படி சொன்னேன். கடனைத் திருப்புவதற்கு விழா எடுக்கக் கூடாது.

ஓராண்டுக்குப் பின்

சென்ற முறை போனபோது சுவைத்தல் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. டீ மாஸ்டர் மீண்டும் வரவில்லை. சனிக்கிழமை வாசிப்பு மட்டும் நின்றுபோகவில்லை. உரிமையாளர் ஊரில் இல்லாத வாரங்களில் பெண்களில் ஒருவரே குன்னூருக்குத் தொலைபேசியில் பேசி விலையைக் கேட்டு எழுதிவிடுகிறார். 'சலிப்புப் பிரிவு' பலகையை மாற்றட்டுமா என்று உரிமையாளர் கேட்டதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அக்காவின் மகள் படிப்பை முடித்துக் கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இனியும் வேலைக்கு வர வேண்டுமா என்று மகள் கேட்கிறாள் என்றார். என்ன சொன்னீர்கள் என்றேன். "பாப்போம்" என்று சொல்லி முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். மணி ஐந்தானதும் போய்விட்டார்.

டிரையர் பதிவேட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. தலைப்பு: மணம். தேவைப்பட்டால் யாரையும் கேட்காமல் டிரையரை நிறுத்தும் உரிமையும் டிரையர்காரருக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பக்கங்களில் அந்தக் கட்டத்தில் வெறும் 'சரி'. ஐப்பசி மழை நாள் ஒன்றின் பக்கத்தில் மட்டும், வெப்பநிலை எல்லைக்குள்தான் இருக்கிறது என்று அதற்குரிய கட்டம் சொல்ல, மணத்துக்குரியதில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'கருகல் வாடை. 2.40க்கு நிறுத்தினேன்.' கீழே அவர் கையெழுத்து. கூடவே, வேறொரு கையில், அந்தப் பல் தீட்டும் இளைஞரின் பெயர் இந்தியில். அடுப்பின் காற்றுவழியைத் திறந்து அடைப்பை எடுத்தது அவராம்.